ஆண்டு மலருக்குக் காசு சேர்ப்பது எப்படி?

யாழ்ப்பாணத்தில் எங்கள் பெற்றோர் குழுதான் இம்முறை பிள்ளைகளின் ஆண்டு மலரை அச்சடிக்கிறது. அச்சகம் பாதிக் காசு முற்பணமாகக் கேட்கிறது, பலர் இன்னும் தரவில்லை, காசு கட்டாத வீட்டுப் பிள்ளைக்கு மலர் இல்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: அக்கா, முதலில் எத்தனை பிரதி என்று முடிவெடுங்கோ. ஓப்செற் முறையில் அச்சடித்தால் அச்சுத் தகடு செய்யும் செலவு மாறாது, பிரதி கூடினால் ஒன்றின் விலை இறங்கும். கலர்ப் படங்களை ஒரே 16 பக்கத்துக்குள் (ஒரு பெரிய தாளை மடித்து வரும் பக்கங்கள்) அடக்கினால் நல்ல மிச்சம்.

பதில்: பின்னட்டையைக் கடை விளம்பரத்துக்குக் கொடுங்கள், கட்ட முடியாத பிள்ளைகளின் பங்கை அதில் ஈடுகட்டலாம். யார் கட்டவில்லை என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள், பிள்ளைகள் கூசிப்போவார்கள். அப்புறம், எல்லாக் காசுக்கும் பற்றுச்சீட்டு எழுதுங்கள்.

பதில்: ஈழத்துத் தமிழ் நூல்களை இணையத்தில் சேமித்து வைக்கும் 'நூலகம்' என்ற இணையத்தளத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கோ. பழைய பாடசாலை மலர்கள் அங்கே நிறைய இருக்கின்றன.