புதுப்பிப்பு: கடற்காற்றில் தூக்கிய மேலங்கி, சங்கிலி வைத்ததும் அடங்கியது

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரின் கடற்காற்றில், நான் தைத்த பட்டு மேலங்கியின் கீழ்விளிம்பு தூக்கிக்கொண்டே இருக்கிறது, என்ன செய்யலாம் என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

முதலில், சிலர் சொன்னபடி விளிம்பில் கேன்வாஸ் ஒட்டிப் பார்த்தேன். துணி அட்டைபோல் விறைத்ததே தவிர, தூக்குவது நிற்கவில்லை. பலன் தந்தது, பாரிஸின் ஷனெல் ஆடை நிறுவனத்து ஜாக்கெட்டுகளில் செய்வதுபோல, லைனிங்கின் கீழோரம் உட்புறமாக மெல்லிய சங்கிலியை வைத்துத் தைக்கச் சொன்ன யோசனைதான். ஒவ்வொரு கண்ணியையும், ஒருமுறை மேல்பக்கமும் மறுமுறை கீழ்பக்கமுமாக, ஊசி லைனிங்கை மட்டும் பிடிக்குமாறு கையாலேயே தைத்தேன். இரண்டு மாலைகள் பிடித்தன. அப்படித் தைத்தால்தான் சங்கிலி முறுக்காமல் படுக்கிறது, வெளிப்பக்கம் தையலும் தெரிவதில்லை. இப்போது பாம்பன் பாலத்தில் நின்றாலும் விளிம்பு நேராகவே தொங்குகிறது.

எதிர்பாராதது ஒன்று: முதலில் வைத்த இரும்புச் சங்கிலி, உப்புக் காற்றில் பத்தே நாளில் துருப்பிடித்து, லைனிங்கில் பழுப்புக் கறையை விட்டுவிட்டது. அதைப் பிரித்தெடுத்து, எவர்சில்வர் சங்கிலி வைத்திருக்கிறேன். கறை இன்னும் போகவில்லை. நல்லவேளையாக அது உள்ளே இருக்கிறது.