தீயரண் நிறுவிய பின் கடவுச்சொல் மேலாளர் இணைய மறுக்கிறது

கேள்வி (மஞ்சக்குப்பம், கடலூர்):
வணக்கம். சென்ற வாரம் என் மடிக்கணினியில் புதிய தீயரண் (firewall) மென்பொருளை நிறுவியதிலிருந்து, கடவுச்சொல் மேலாளரின் பெட்டகம் (கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் இடம்) கைப்பேசியோடு ஒத்திசைவதில்லை. உலாவியில் சேர்த்துள்ள அதன் நீட்சியும் (extension) மடிக்கணினியிலுள்ள மேலாளர் செயலியுடன் இணைய முடியவில்லை என்கிறது. தீயரணை அணைத்தால் இரண்டும் சரியாகின்றன. ஆனால் அப்பாவின் ஓய்வூதியக் கணக்கு உட்பட எல்லாமே அந்தப் பெட்டகத்தில் இருப்பதால், அணைத்தே வைத்திருக்க மனம் ஒப்பவில்லை. வேறு வழி உண்டா?

பதில் (முத்தியால்பேட்டை, புதுச்சேரி):
தயவுசெய்து அணைத்து வைக்காதீர்கள், ஐயா. ஒத்திசைவு பொதுவாக 443 எண் கொண்ட போர்ட் (இணையத் தொடர்புக்கான எண்ணிட்ட வாயில்) வழியாக வெளியே செல்கிறது. நீட்சியும் செயலியும் பேசிக்கொள்வதோ கணினிக்குள்ளேயே, சில மேலாளர்களில் 127.0.0.1 என்ற உள்முகவரி வழியாக. நீட்சியைச் சொடுக்கிவிட்டு, அதே நிமிடத்தில் எந்த நிரல் தடுக்கப்பட்டது என்பதைத் தீயரணின் பதிவேட்டில் (log) பார்த்து, அந்த நிரலுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். இணையத்திலிருந்து உள்வரும் இணைப்புகளைத் திறந்துவிட வேண்டிய தேவையே இல்லை.

பதில் (திருப்பாதிரிப்புலியூர், கடலூர்):
தீயரணில், மறைகுறியாக்கப்பட்ட (பிறர் படிக்க முடியாதபடி மாற்றப்பட்ட) இணைப்புகளைச் சோதிக்கும் வசதி இயக்கத்தில் உள்ளதா என்றும் பாருங்கள். அது மேலாளரின் சேவையகத்தை அடையாளம் காட்டும் மின்னணுச் சான்றிதழுக்குப் பதிலாகத் தன் சான்றிதழைக் காட்டுவதால், கண்டிப்பான மேலாளர்கள் இணைப்பைத் துண்டித்துவிடும். அவை அப்படிச் செய்வதே சரி என்பது என் கருத்து. மேலாளரின் முகவரியை மட்டும் அந்தச் சோதனையிலிருந்து விலக்கிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. பதிவேட்டில், நீட்சியைச் செயலியோடு இணைக்கும் துணைநிரல் தடுக்கப்பட்டிருந்தது தெரிந்தது; அதற்கு அனுமதி கொடுத்ததும் நீட்சி இணைந்தது. சோதனையிலிருந்து முகவரியை விலக்கிய பின் ஒத்திசைவும் நடந்தது. தீயரண் இப்போது இயக்கத்திலேயே இருக்கிறது.