ஃபிளை-இன்: வான்கூடலா, பறந்துகூடலா?

அன்புடையீர், வணக்கம்.

ஃபிளை-இன் (fly-in) என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு, நம் கலைச்சொல் தொகுப்புக்கான இந்த மடல் இழையில் வானூர்தித் திருவிழா, பறப்புச் சந்திப்பு, வான்கூடல் என்னும் மூன்று சொற்கள் பரிந்துரைக்கப்பட்டுள்ளன. மூன்றும் காதுக்கு இதமாகவே இருக்கின்றன. ஆயினும் நிகழ்வு எவ்வாறு நடக்கிறது என்பதை அறியாத ஒருவர் இவற்றுள் எதைப் படித்தாலும் வேறொன்றையே மனத்தில் நினைத்துக்கொள்வார். ஆகவே பொருளை முதலில் வரையறுத்துவிட்டுப் பிறகு சொல்லுக்கு வருகிறேன்.

சொந்தமாகச் சிறு வானூர்தி வைத்திருப்பவர்களும், பறப்புக் கழகத்திலிருந்து ஒன்றை வாடகைக்கு எடுப்பவர்களும், முன்னறிவித்த ஒரு நாளில் தத்தம் ஊர்களிலிருந்து தாமே ஓட்டிக்கொண்டு ஒரு தளத்தில் வந்து இறங்கி, அங்கே சேர்ந்து உண்டு, ஒருவர் ஊர்தியை மற்றவர் சுற்றிப் பார்த்து, இயந்திரத்தைப் பற்றியும் வானிலையைப் பற்றியும் பேசித் தீர்த்துவிட்டு, வெளிச்சம் மங்குவதற்குள் புறப்பட்டுப் போகும் சந்திப்பே ஃபிளை-இன். குறித்த கோட்டின்மேல் சக்கரம் படும்படி இறங்குவது, தாழப் பறந்து மாவுப் பொட்டலத்தை இலக்கின்மேல் போடுவது போன்ற போட்டிகளும் சில இடங்களில் உண்டு. அமெரிக்காவில் பல கூட்டங்கள் காலைச் சிற்றுண்டியை முன்னிட்டே நடக்கின்றன. சாப்பாட்டுக்கென்று எரிபொருளைச் செலவழித்துப் பக்கத்து ஊர்த் தளத்துக்குப் பறந்துபோவதை அந்நாட்டு விமானிகளே ‘நூறு டாலர் ஹாம்பர்கர்’ என்று கேலியாகச் சொல்லிக்கொள்வார்கள். இன்றைய எரிபொருள் விலையில் நூறு டாலர் போதுமா என்பது வேறு கேள்வி.

வானூர்தித் திருவிழா என்னும் பரிந்துரையைப் பெங்களூருவில் இருப்பவர்களால் எளிதாக எடைபோட முடியும். எலகங்கா விமானப்படைத் தளத்தில் 1996 முதல் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடந்துவரும் ஏரோ இந்தியா ஒரு காட்சி. பார்வையாளர் பல்லாரிச் சாலை நெரிசலில் காரில் ஊர்ந்து வந்து, வேறொருவர் ஓட்டும் ஊர்தியை அண்ணாந்து பார்க்கிறார். ஃபிளை-இன்னில் பார்க்க வருபவரும் ஓட்டி வருபவரும் ஒருவரே. திருவிழா என்ற சொல் கூட்டத்தின் பெருமையையும் ஆரவாரத்தையும் சுட்டுகிறதே தவிர, வந்தவர் எப்படி வந்தார் என்பதைச் சொல்வதில்லை. ஐந்து சிறு ஊர்திகள் ஒரு புல்தரைத் தளத்தில் இறங்கி, ஓட்டி வந்தவர்கள் தேநீர் குடித்துவிட்டுப் போனால் அதுவும் ஃபிளை-இன்தான். அதைத் திருவிழா என்று எவரும் சொல்லமாட்டார். பறப்புச் சந்திப்பு என்பதோ பறப்பியல் பற்றிய கருத்தரங்கு என்று பொருள்படுகிறது. அதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை.

வான்கூடல் என்பதற்கே இங்கு ஆதரவு மிகுதி என்பதால் அதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். இச்சொல் கூடுகின்ற இடம் வானம் என்கிறது. உண்மையில் ஃபிளை-இன்னுக்கு வரும் விமானிகள் வானத்தில் ஒருவரை ஒருவர் நெருங்காமல் இருக்கவே அரும்பாடுபடுகிறார்கள். இவ்வகைக் கூட்டங்களில் மிகப் பெரியதான ஓஷ்கோஷை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், 1953இல் தோன்றிய ஆய்வுநிலை வானூர்திச் சங்கம் அவ்வாண்டில் மில்வாக்கியில் தொடங்கிய இந்த ஆண்டுக் கூட்டம், 1959இல் பக்கத்து இல்லினாய் மாநிலத்து ராக்ஃபோர்டுக்கும் 1970இல் விஸ்கான்சினிலேயே உள்ள ஓஷ்கோஷுக்கும் இடம் மாறியது. இன்று சூலை இறுதியில் அந்த ஒரு வாரத்தில் அவ்வட்டாரத்துக்கு ஏறக்குறைய பத்தாயிரம் ஊர்திகள் வருகின்றன. அவற்றைத் தரையிறக்கும் முறை இப்படி: ரிப்பன் என்னும் சிற்றூருக்கு மேல் வந்து வரிசையில் சேரும் விமானிகள், கடல்மட்டத்துக்கு மேல் 1,800 அடி உயரத்தில், 90 நாட் (மணிக்கு 90 கடல்மைல்) வேகத்தில், முன்செல்லும் ஊர்திக்கு அரை மைல் பின்னால், கீழே ஓடும் ரயில் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே ஃபிஸ்க் என்னும் ஊர்வரை ஒற்றை வரிசையில் வர வேண்டும். அங்கே தரையில் நின்று தொலைநோக்கியால் பார்க்கும் கட்டுப்பாட்டாளர், ஊர்தியின் நிறத்தையும் இறக்கை அமைப்பையும் வானொலியில் சொல்லி அழைப்பார். விமானி வாயைத் திறக்காமல் இறக்கைகளை ஆட்டிக் காட்டிவிட்டு, ஓடுபாதையில் தமக்குச் சொல்லப்பட்ட வண்ணப் புள்ளியில் இறங்குவார். அரை மைல் இடைவெளியைக் காக்கவே இத்தனை ஏற்பாடு. ஒன்றுகூடுவது என்பது சக்கரம் நின்று, இயந்திரம் அணைந்து, இறக்கை நிழலில் கூடாரம் அடித்த பிறகுதான் தொடங்குகிறது.

எனவே சொல்லில் கூடல் என்பதே தலைமையாக நிற்க வேண்டும். பறத்தல் அக்கூடலுக்கு வந்துசேரும் வழியாக, வினையெச்சமாக முன்னால் வர வேண்டும். இதற்குத் தமிழில் முன்மாதிரிக்குப் பஞ்சமில்லை. கலந்துரையாடல், கண்டுபிடிப்பு, புரிந்துணர்வு ஆகிய மூன்றும் வினையெச்சத்தோடு தொழிற்பெயர் சேர்ந்து ஒருசொல் நீர்மை பெற்றவை, அதாவது ஒரே சொல்லாக நிற்பவை. அவ்வழியில் பறந்துகூடல் என்பதை முன்வைக்கிறேன். பறந்து என்பது மென்தொடர்க் குற்றியலுகரத்தில் முடியும் வினையெச்சம் என்பதால் இடையில் வல்லெழுத்து மிகாது. பறந்துக்கூடல் என்று எழுதுவது பிழை. வினையாக ஆள்வதற்கும் தடையில்லை: ‘தென் மாநிலக் கழகத்தினர் பறந்துகூடினர்’, ‘பறந்துகூடுவோர் முன்பதிவு செய்க’ என்றெல்லாம் எழுதலாம். வான்கூடல் இவ்வாறு வினையாக வளைந்து கொடுப்பதில்லை.

கூடல் என்னும் பகுதியையும் எண்ணிப் பார்த்தே தேர்ந்தேன். வெவ்வேறு திசைகளிலிருந்து வரும் ஆறுகள் சேரும் இடத்தைக் கூடல் என்பது நம் வழக்கு. பவானியும் காவிரியும் சேருமிடம் கூடுதுறை. தாமிரபரணிக் கரையில் முக்கூடல். கன்னடத்திலும் இதே சொல் இதே பொருளில் வழங்குகிறது என்பதைக் கருநாடகத்தில் வாழ்கின்ற நமக்குச் சொல்லத் தேவையில்லை: கிருஷ்ணையும் மலப்பிரபையும் கலக்கும் இடம் கூடலசங்கமம், பசவண்ணர் தம் வசனங்களில் முத்திரையாக வைத்த இறைவன் பெயரும் அவ்வூருடையதே. பல தளங்களிலிருந்து புறப்பட்டவர்கள் ஒரு தளத்தில் சேர்வதற்கு இதைவிடப் பொருந்தும் வேர் எனக்குத் தென்படவில்லை.

வலவர்கூடல் என்று தனிமடலில் ஒருவர் எழுதியிருந்தார். ஊர்தி ஓட்டுபவரைக் குறிக்கும் வலவன் நல்ல சொல்தான். ஆனால் அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் ‘வலவன் ஏவா வான ஊர்தி’ என்னும் புறநானூற்றுத் தொடர் ஓட்டுநர் இல்லாத ஊர்தியைப் பேசுகிறது. ஆளில்லா வானூர்திக்காரர்கள் அதற்கு உரிமை கொண்டாடிக்கொள்ளட்டும். மேலும் வலவர்கள் காரில் வந்து விடுதியில் கூடினாலும் அது வலவர்கூடலே ஆகிவிடும்.

இதோடு தொடர்புடைய ‘லைட் ஏர்கிராஃப்ட்’ பற்றியும் ஒரு சொல். இலகுரக வானூர்தி என்று எழுதினால் செய்தித்தாள் வாசகர் நினைவுக்கு உடனே வருவது இலகுரகப் போர் விமானமான தேஜஸ். முழுச் சுமையோடு அது கிளம்பும் எடை 13,500 கிலோகிராம். அதே பெங்களூருவில் தேசிய வானூர்தி ஆய்வகம் உருவாக்கி 1993இல் முதலில் பறந்த ஹன்சா, இரண்டு பேர் அமரும் ஊர்தி. ஆட்களோடும் எரிபொருளோடும் சேர்த்து ஒரு டன்னுக்கும் குறைவு. பன்னாட்டு விதிகளிலும் ‘லைட்’ ஒரே அளவைக் குறிப்பதில்லை: ஊர்தி தனக்குப் பின்னால் கிளப்பும் காற்றுச்சுழலை வைத்துப் பிரிக்கும் பின்சுழல் வகைப்பாட்டில் 7,000 கிலோகிராம் வரை அந்தப் பெயர்தான், அமெரிக்கா 2004இல் வகுத்த விளையாட்டு வானூர்தி வகையிலோ தரையில் இறங்குபவற்றுக்கு 600 கிலோகிராமே வரம்பாக இருந்தது. சட்டநூல் மொழிபெயர்ப்பில் இலகுரக என்பது இருந்துவிட்டுப் போகட்டும். பொது எழுத்தில் சிறுவானூர்தி என்றே எழுதலாம். ‘ரிக்ரியேஷனல் ஃபிளையிங்’ என்பதற்குப் பொழுதுபோக்குப் பறப்பு போதும். அங்கே புதுமை தேடுவது வீண்வேலை.

அன்புடன்,
எலகங்கா, பெங்களூரு

*

மும்பையிலிருந்து:

ஐயா, விளக்கம் தெளிவாக உள்ளது. எனினும் அடிப்படையான ஓர் ஐயம். பம்பாய்ப் பறப்புக் கழகம் 1928இல் தொடங்கியது. மறு ஆண்டே ஜே.ஆர்.டி. டாட்டா விமானி உரிமம் பெற்றுவிட்டார். அன்றிலிருந்து நம் நாட்டில் விருப்பத்துக்காகப் பறப்பவர்கள் இருந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் ஓரிடத்தில் பறந்து வந்து கூடுவது அரிது. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் பறக்க வேண்டுமானால் பயணத்திட்டம் பதிய வேண்டும், வான்பாதுகாப்பு அனுமதி எண் பெற வேண்டும். போய் இறங்கும் தளத்தில் சிறு இயந்திரங்களுக்கான பெட்ரோல் கிடைக்கும் என்பதற்கும் உறுதியில்லை. அரிதாக நடப்பதற்கு, அதுவும் தமக்குள் ஆங்கிலத்திலேயே பேசிக்கொள்ளும் விமானிகளுக்கு, ஃபிளை-இன் என்ற ஒலிபெயர்ப்பே போதாதா?

தில்லியிலிருந்து:

பள்ளியில் உயிரியல் கற்பிப்பவள் என்ற முறையில் ஓர் எச்சரிக்கை. தேனீயின் அரசியும் ஆண் தேனீக்களும் பறந்துகொண்டே இணைசேர்வதையும், எறும்புகள் சிறகு முளைத்து எழுந்து இணைசேர்வதையும் தமிழில் எழுதும்போது பறந்துகூடல் என்பது அந்தப் பாடத்துக்கு அப்படியே பொருந்திவிடுகிறது. ஊடலுக்கு எதிர்ச்சொல் கூடல் என்று பத்தாம் வகுப்பு மாணவருக்கும் தெரியும். விமானிகள் சங்கத்தின் அழைப்பிதழில் அச்சொல்லைக் கண்டு வகுப்பே சிரிக்கும். கூடல் என்பதை விட்டுப் பறந்துகூடுகை என்று வைத்துக்கொண்டால் என்ன?

*

அன்புடையீர்,

மும்பை நண்பருக்கு முதலில். விமானிகள் வானொலியில் தமிழில் பேசப்போவதில்லை, பேசவும் வேண்டியதில்லை. அந்தச் சொற்றொடர்கள் பன்னாட்டு அளவில் இறுக்கமாக வரையறுக்கப்பட்டவை. நாம் சொல் தேடுவது, ஓஷ்கோஷைப் பற்றித் தமிழில் செய்தி எழுதுகிறவருக்காகவும், பெங்களூருவின் ஜக்கூர் வானூர்தித் தளத்தின் வேலியோரம் நின்று சிறுவானூர்திகளைப் பார்த்துவிட்டு அதைப் பற்றிப் படிக்க விரும்பும் பிள்ளைக்காகவும். நிகழ்வு இங்கு அரிது என்பதும் ஒலிபெயர்ப்புக்குச் சாதகமான வாதம் அன்று. அடிக்கடி காண்பதற்கு எந்தப் பெயர் வைத்தாலும் கண்டு புரிந்துகொள்வார்கள். காணக் கிடைக்காததற்குத்தான் பெயரே பொருளை விளக்க வேண்டியிருக்கிறது.

தில்லி அம்மையாரின் தடை கனமானது. எனினும் உயிரியலில் பெயர் தேவைப்படுவது இணைசேர்வதற்காக எழும் அந்தப் பறப்புக்கே. அங்கே தலைமைச் சொல் பறப்பு. ஆகவே கலவிப் பறப்பு என்பதே சரியாக வரும். இங்கே தலைமைச் சொல் கூடல். இரண்டையும் ஒரே சொல்லுக்குள் திணிக்க வேண்டிய கட்டாயம் எழவில்லை. (ஈசல்கள் மட்டும் பறந்து, இறங்கி, சிறகுதிர்த்த பிறகே இணைசேர்கின்றன என்று படித்திருக்கிறேன்; அவை அம்மையார் பக்கம் சாட்சி சொல்ல வந்துவிடுமோ என்ற அச்சம் எனக்கு உண்டு.) கூடுகை என்பதை நான் மறுக்கவில்லை. அழைப்பிதழ், அறிவிப்பு போன்ற இடங்களில் சிரிப்புக்கு இடம்தராமல் எழுத விரும்புபவர்கள் பறந்துகூடுகை என்று எழுதட்டும். தொகுப்பில் இரண்டையும் பதிவோம். தலைப்புச் சொல்லாகக் குறுகிய வடிவம் நிற்பதே நல்லது. கூடல்நகர் என்று மதுரையைச் சொல்லும்போது எவரும் சிரிப்பதில்லை.

ஆங்கிலச் சொல் ஒன்றாக இருப்பதால் எல்லா இடத்திலும் இதையே பெயர்க்க வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். புளோரிடாவின் ஸ்புரூஸ் கிரீக் போல, வீட்டு வாசலிலிருந்தே ஊர்தியை ஓடுபாதைக்கு ஓட்டிச் செல்லும் வகையில் அமைந்த குடியிருப்பையும் ஆங்கிலத்தில் ஃபிளை-இன் என்ற அடைமொழியோடு அழைக்கிறார்கள். அங்கே கூட்டம் ஏதும் இல்லை. ஓடுபாதைக் குடியிருப்பு எனலாம். ஆஸ்திரேலியச் சுரங்கங்களுக்குத் தொழிலாளர்களை வானூர்தியில் அழைத்துவந்து, பணிச்சுற்று முடிந்ததும் திருப்பியனுப்பும் ‘ஃபிளை-இன் ஃபிளை-அவுட்’ முறைக்கும் இது பொருந்தாது. ஓஷ்கோஷுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் சாலை வழியாகத்தானே வருகிறார்கள் என்று ஒருவர் கேட்கலாம். அக்கூட்டத்தின் பெயரே 1998 முதல் ஏர்வெஞ்சர் என்று ஆகிவிட்டது. அதைப் பறந்துகூடலாகத் தொடங்கிக் காட்சியும் சந்தையுமாக வளர்ந்த ஒன்று என்று எழுதுவதே துல்லியம்.

மாற்றுக் கருத்து இல்லையெனில், தொகுப்பில் பதிவு இவ்வாறு அமையட்டும்:

பறந்துகூடல் (பெயர்ச்சொல், வினை: பறந்துகூடு, வேறுவடிவம்: பறந்துகூடுகை): சிறுவானூர்தி விமானிகள் தத்தம் ஊர்தியைத் தாமே ஓட்டி வந்து, முன்னறிவித்த தளத்தில் இறங்கி, தரையில் அளவளாவும் சந்திப்பு. வான்காட்சி, வான்பந்தயம் ஆகியவற்றின் வேறானது. எடுத்துக்காட்டு: ‘மழை மேகம் திரண்டதால் பறந்துகூடல் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திவைக்கப்பட்டது.’

அன்புடன்,
எலகங்கா, பெங்களூரு