பிராங்பேர்ட்டில் இருமொழிப் பள்ளிக்கூடம்: பாலையூற்றுத் தங்கச்சிக்கு ஒரு பதில்

தங்கச்சி கேட்டது இதுதான். கணவருக்கு பிராங்பேர்ட்டில் வேலை சரிவந்துவிட்டது, அடுத்த மாதம் குடும்பமாகப் போகிறார்கள். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 5. கம்பனிக்காரர் ஆங்கிலமும் ஜேர்மனும் சேர்ந்த ஒரு தனியார் பள்ளிக்கூடத்தைச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்குக் கொஞ்சம் இங்கிலிஷ் தெரியும், அதனால் அதில் சேர்த்தால் கஷ்டப்படமாட்டார்கள்தானே?

நான் திருகோணமலை உவர்மலையில் பிறந்தவள். பிராங்பேர்ட்டில் இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்துக்கொண்டிருக்கிறேன். லீவில் ஊருக்கு வந்து நிற்கும் நேரம் இந்தக் கேள்வியைப் பார்த்தேன். சும்மா கடந்துபோக மனம் வரவில்லை, ஏனென்றால் இதே எண்ணத்தோடுதான் நானும் போனேன்.

முதலில் நீங்களும் அவரும் இருந்து ஒன்றைப் பேசி முடிவெடுங்கள்: அங்கே எத்தனை வருடம்? இரண்டு மூன்று வருடத்தில் வேறு நாட்டுக்கு மாறுகிற வேலையென்றால் ஆங்கிலம் கூடின பள்ளிக்கூடம் நியாயம். ஐந்து வருடத்துக்கு மேல் இருப்போம் என்று மனதில் ஒரு மூலையில் நினைத்தாலும், பள்ளிக்கூடத்தை அதன் டொச்சை, அதாவது அங்கே ஜேர்மன் மொழி எப்படிப் படிப்பிக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் எடைபோட வேண்டும். ஆங்கிலம் பிறகும் வரும். அங்கே எந்த அரச பள்ளிக்கூடத்திலும் ஆங்கிலம் படிப்பிக்கிறார்கள்.

‘பிள்ளைக்கு மொழி தானாக வரும்’ என்று எல்லாரும் சொல்வார்கள். திருகோணமலைக்காரருக்கு இதில் ஒரு அனுபவம் இருக்கிறது. மீன் சந்தையிலும் மத்திய வீதிக் கடைகளிலும் சிங்களம் கேட்டுத்தான் வளர்ந்தோம். விலை பேசுவேன், சுகம் விசாரிப்பேன். ஆனால் சிங்களத்தில் ஒரு அரச கடிதம் வந்தால் இன்றைக்கும் பக்கத்து வீட்டுக்குத்தான் கொண்டுபோவேன். கனடாவில் ஜிம் கம்மின்ஸ் என்ற ஆய்வாளர் பல வருடம் ஆராய்ந்து சொன்னதும் இதைத்தான்: விளையாடவும் கதைக்கவும் தேவையான மொழி ஓரிரு வருடத்தில் வந்துவிடும், பாடம் படிக்கவும் எழுதவும் தேவையான மொழி அந்த வயதுப் பிள்ளைகளுக்குச் சமமாக வர 5 முதல் 7 வருடம் செல்லும். உங்கள் பிள்ளைகளுக்கு ஜேர்மன் புதிது, ஆங்கிலமும் பாடம் படிக்கிற அளவுக்கு இல்லை. ஆக அந்தப் பள்ளிக்கூடம் அவர்களுக்கு இருமொழி இல்லை, இரண்டு புது மொழி. வீட்டில் தமிழோடு சேர்த்து மூன்று.

என் மூத்தவள் எட்டு வயதில் போனாள். மாதாமாதம் காசு கட்டி ஒரு தனியார் இருமொழிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். பாதி டொச், பாதி இங்கிலிஷ் என்றார்கள். பிறகுதான் விளங்கியது, புதிதாக வந்த பிள்ளைகளுக்கு டொச் ஒரு தனிப் பாடமாக வாரத்தில் சில மணித்தியாலம், மற்றதெல்லாம் ஆங்கிலம். இடைவேளையிலும் பிள்ளைகள் ஆங்கிலத்தில்தான் கதைத்தார்கள். அவள் சந்தோஷமாக இருந்தாள், நாங்களும் நிம்மதியாக இருந்தோம். என் கணவருக்கு வேலை நிரந்தரமாகி, ஐந்தாம் வகுப்புக்கு அரச பள்ளிக்கூடம் மாற்றப் பார்த்தபோதுதான் உண்மை உறைத்தது. கணக்கில் இங்கே முதல் ஆளாக வந்த பிள்ளை, வசனக் கணக்கை வாசித்து விளங்காமல் கொப்பியை மூடிவைத்துவிட்டு அழுதாள். திரும்ப அடியிலிருந்து டொச் படித்து ஏறிவர இரண்டு வருடம் சென்றது. அந்த இரண்டு வருடமும் அவள் வகுப்பில் வாயே திறக்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு பிசையும்.

உங்கள் மகளுக்கு இது இன்னும் அவசரமான விஷயம். ஜேர்மனியில் பெரும்பாலான மாநிலங்களில் நாலாம் வகுப்போடு ஆரம்பப் பள்ளி முடிகிறது. அதன் பிறகு பல்கலைக்கழகம் போக வழிவிடும் கிம்னாசியுமா, வேறு வகைப் பள்ளிக்கூடமா என்று பிரியும். பெர்லினிலும் பிராண்டன்பேர்க்கிலும் ஆறாம் வகுப்புவரை. பிராங்பேர்ட் இருக்கும் ஹெஸ்ஸன் மாநிலத்தில் நாலுதான். நம் புலமைப்பரிசில் பரீட்சை போல ஒரே நாள் சோதனை கிடையாது, ஆனால் வயதும் பாரமும் கிட்டத்தட்ட அதேதான். அதனால் அவளை மூன்றாம் வகுப்பில் விடச் சொல்லிக் கேளுங்கள். ஒரு வகுப்புக் குறைத்துவிட்டார்கள் என்று மனம் நோகவேண்டாம். இங்கே ஐந்து வயதில் தரம் 1, அங்கே ஆறு வயதில்தான் முதலாம் வகுப்பு.

அடுத்தது, விளம்பரத் தாளில் முன்பக்கத்தில் எழுதாத விஷயம்: அந்தப் பள்ளிக்கூடத்தின் சட்ட நிலை. தனியார் பள்ளிக்கூடங்கள் இரண்டு வகை. அரச பள்ளிக்கு ஈடாக நடக்கிறதை எர்சாட்ஸ்ஷூலெ என்பார்கள். அதிலும் ‘ஸ்டாட்லிஹ் அனெர்கான்ட்’, அதாவது அரசு அங்கீகரித்தது என்றிருந்தால்தான் அரச பள்ளிக்குச் சமமான சோதனையும் சான்றிதழும் அவர்களே கொடுக்கலாம். மற்ற வகை எர்கென்சுங்ஸ்ஷூலெ, மேலதிகமாக நடத்துவது. அதில் படித்தால் கட்டாயக் கல்விச் சட்டத்துக்குப் போதுமா என்று தனியாகக் கேட்க வேண்டும். ஜேர்மனியில் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பியே ஆகவேண்டும், வீட்டில் வைத்துப் படிப்பிக்க விடமாட்டார்கள். எந்த வகை என்று எழுத்தில் கேளுங்கள். மேல்வகுப்பில் அபிடூரா (ஜேர்மனியின் பல்கலைக்கழக நுழைவுத் தகுதிப் பரீட்சை), ஐபியா (சர்வதேச டிப்ளோமா) என்றும் கேளுங்கள். ஐபி டிப்ளோமாவோடு ஜேர்மன் பல்கலைக்கழகம் போகலாம், ஆனால் எந்தப் பாடங்கள், எந்த மட்டத்தில் என்று நிபந்தனை இருக்கிறது. பதினாறு வயதில் பாடம் தெரிவு செய்துவிட்டு அதைக் கண்டுபிடிக்கக்கூடாது.

காசு விஷயம் சுருக்கமாக. இருமொழிப் பள்ளிக்கூடங்களில் மாதம் சில நூறு யூரோவிலிருந்து ஆயிரத்துக்கு மேல்வரை போகும். பெரிய சர்வதேசப் பள்ளிகளில் ஆண்டுக்கு 20,000 யூரோவைத் தாண்டும். எர்சாட்ஸ்ஷூலெகள் பெற்றோரின் வருமானம் பார்த்துப் பிள்ளைகளைப் பிரிக்கக்கூடாது என்று அரசியலமைப்பின் 7ஆம் உறுப்புரை சொல்கிறது. ஆகவே வருமானத்துக்கேற்ற கட்டணம் இருக்கிறதா என்று வெட்கப்படாமல் கேட்கலாம். கட்டின பள்ளிக் கட்டணத்தில் 30 வீதத்தை, ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 5,000 யூரோவரை, வரிக் கணக்கில் கழிக்கலாம். சாப்பாட்டுக் காசும் பராமரிப்புக் காசும் அதில் சேராது. கம்பனி கட்டணம் தருகிறதென்றால் எத்தனை வருடத்துக்கு என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். நடுவில் நிறுத்தினால் பிள்ளைதான் மாறவேண்டிவரும்.

கையெழுத்து வைக்க முன் ஒரு சாதாரண நாளில் போய்ப் பாருங்கள். திறந்த நாள் என்று அலங்கரித்து வைத்திருக்கும் நாள் வேண்டாம். பிள்ளையை ஒரு நாள் வகுப்பில் இருத்திப் பார்க்கப் பல பள்ளிக்கூடங்கள் விடும். கணக்கு எந்த மொழியில் நடக்கிறது? டொச் படிப்பிக்கிறவர் வருடாவருடம் மாறுகிறாரா? முக்கியமாக, முற்றத்தில் நின்று காதுகொடுங்கள். பிள்ளைகள் சண்டை பிடிக்கிற மொழி எதுவோ அதுதான் அந்தப் பள்ளிக்கூடத்தின் மொழி.

என் அபிப்பிராயம் கேட்டால்: சின்னவனை அரச வழியில் விடுங்கள். ஹெஸ்ஸனில் மூன்று வயதிலிருந்து பள்ளி போகும்வரை கிண்டர்கார்டனில் நாளுக்கு 6 மணித்தியாலம் கட்டணமில்லை. இடம் கிடைப்பதுதான் கஷ்டம், இன்றைக்கே பதியுங்கள். ஒரு வருடம் மணலில் விளையாடினாலே டொச்சோடு முதலாம் வகுப்புக்குப் போவான். மகளுக்கும் அரச பள்ளிக்கூடங்களில் இன்டென்சிவ்கிளாசெ என்று புதிதாக வரும் பிள்ளைகளுக்குத் தீவிரமாக டொச் படிப்பிக்கும் வகுப்பு இருக்கிறது. இலவசம்.

கிண்ணியாவிலிருந்து ஒரு சகோதரர் கேட்டிருந்தார், அவருக்கு பெர்லினில் இரண்டு வருட வேலை மட்டும் என்று. சகோதரரே, உங்களுக்கு நான் மேலே சொன்னது பொருந்தாது. இங்கே திரும்பி வந்து ஆங்கில மொழிமூலம் தொடர்வதானால் இருமொழிப் பள்ளிதான் நல்லது. பெர்லினில் ஸ்டாட்லிஹெ ஒய்ரோப்பாஷூலெ என்று 1992 முதல் அரசே நடத்தும் இருமொழிப் பள்ளிகள் இருக்கின்றன, ஆங்கிலமும் அதில் உண்டு. கட்டணமில்லை. இடம் குறைவு, மொழி பார்த்துத்தான் எடுப்பார்கள், என்றாலும் தனியாருக்குக் காசு கட்ட முன் அங்கே கேளுங்கள்.

தமிழை விட்டுவிடாதீர்கள். சில ஆசிரியர்கள் ‘வீட்டிலும் டொச் கதையுங்கள்’ என்று அன்பாகச் சொல்வார்கள். நம் அரைகுறை டொச்சைக் கேட்டுப் பிள்ளை என்னத்தைப் படிக்கும்? தமிழில் கதை சொல்லுங்கள், ஏன் எப்படி என்று தமிழில் விளங்கப்படுத்துங்கள். ஒரு மொழியில் விளங்கினதற்கு இன்னொரு மொழியில் சொல் தேடுவது லேசு. வார இறுதியில் தமிழ் படிப்பிக்கும் தமிழாலயம் பல ஊர்களில் நடக்கிறது. என் மகள் பள்ளிக்கூடத்தில் பேசாமலிருந்த அந்தக் காலத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்த இடம் அதுதான்.

புறப்பட முன் ஊரில் செய்யவேண்டியது: பிறப்புச் சான்றிதழும் கடைசி இரண்டு வருட முன்னேற்ற அறிக்கையும் எடுத்து, கொழும்பில் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்துங்கள். பிள்ளைகளின் கிளினிக் கார்ட்டைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். 2020 மார்ச் முதல் அங்கே தட்டம்மை ஊசி போட்ட ஆதாரம் இல்லாமல் கிண்டர்கார்டனில் சேர்க்கமாட்டார்கள், பள்ளிக்கூடத்தில் சேர்த்தாலும் சுகாதார அலுவலகத்துக்கு அறிவிப்பார்கள், இரண்டு ஊசி கேட்பார்கள். நம் பிள்ளைகளுக்கு 9 மாதத்திலும் 3 வயதிலும் போட்டிருக்கும், திகதி தெளிவாக இருக்கிறதா பாருங்கள்.

மகளின் கணக்குக் கொப்பியையும் கொண்டுபோங்கள். டொச் தெரியாமல் அவள் வகுப்பில் இருக்கும் முதல் வாரத்தில், அவளுக்கு என்ன தெரியும் என்று ஆசிரியர் பார்க்க அது ஒன்றுதான் கையில் இருக்கும். நான் இந்த மாதம் முடியும்வரை ஊரில்தான். பின்னேரத்தில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு டச்சுக் குடாக் கடற்கரைக்கு வாருங்கள், அந்தப் பள்ளிக்கூட ஒப்பந்தத்தையும் எடுத்து வாருங்கள், இருந்து வாசிப்போம்.