'பிரையர் ஆர்ட்': முன்கலையா, முன்நுட்பமா?

குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் பல்கலைக்கழக நூலகத்துக்காக ஒரு சின்னக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். காப்புரிமை (பேட்டன்ட்) ஆவணங்களை எங்கே தேடுவது, எப்படி எடுப்பது என்று ஆராய்ச்சி மாணவர்களுக்குச் சொல்லும் நான்கு பக்கம். விண்ணப்பம், உரிமைக்கோரல், விவரக்குறிப்பு எல்லாம் எப்படியோ ஓடிவிட்டன. 'பிரையர் ஆர்ட்' என்ற இடத்தில் வண்டி நின்றுவிட்டது. ஒருவர் காப்புரிமை கேட்கும் முன்பே வெளியே தெரிந்திருந்தவை எல்லாம் அது; அதில் இருந்தால் அவர் கேட்பது புதிதல்ல. அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று போன வாரம் கேட்டதற்கு மூன்று சொற்கள் வந்தன, நன்றி.

> முன்கலை என்றே வைக்கலாமே. கலைச்சொல்லில் இருக்கும் கலைதானே இது?

வாதம் அழகாக இருக்கிறது. ஆங்கிலத்து 'ஆர்ட்' இங்கே தொழில்திறன் என்ற பழைய பொருளில் நிற்கிறது. நம் கலைக்களஞ்சியத்திலும் அறுபத்துநான்கு கலைகளிலும் அதே பொருள் உண்டு. ஆனால் 'முன்கலைத் தேடல்' என்று பலகை வைத்தால் மாணவர் நேரே பல்லவர் சிற்பங்கள் இருக்கும் அலமாரிக்குப் போய்விடுவார். ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் 'நுட்பத்தின் நிலை' என்கிறார்கள். ஜப்பானியர் சொல்வது ஏறக்குறைய 'முந்திய நுட்பம்'. ஆங்கிலத்தின் தலைவலியை நாம் ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும்?

> முன்வெளியீடு. எளிது, யாருக்கும் புரியும்.

இதில்தான் அதிக நேரம் தடுமாறினேன். மஞ்சள் வழக்கு நினைவிருக்கும். காயம் ஆற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995இல் அமெரிக்கா 5,401,504 என்ற எண்ணில் காப்புரிமை கொடுத்தது. பெற்றது மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையம். நம் அரசின் அறிவியல் ஆய்வு மன்றமான சி.எஸ்.ஐ.ஆர். மறுஆய்வு கேட்டு, 1997இல் அது ரத்தானது. நம் வீடுகளில் காலங்காலமாகப் பூசுகிறோம் என்று சொன்னால் போதவில்லை. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் புழக்கம் கணக்கில் வராது, அச்சில் வந்ததுதான் செல்லும். அதனால் பழைய நூல்களோடு இந்திய மருத்துவச் சங்க ஆய்விதழில் 1953இல் வந்த ஒரு கட்டுரையையும் தேடி எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. அந்த வழக்குக்கு 'முன்வெளியீடு' கச்சிதமாகப் பொருந்தும்.

ஆனால் 2013 முதல் அங்கேயே விதி மாறிவிட்டது. உலகில் எங்கே வெளிப்படையாகப் புழங்கியிருந்தாலும் செல்லும். நம் 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவும், உள்ளூர்ச் சமூகத்தில் வாய்மொழியாக இருக்கும் அறிவைக்கூட காப்புரிமை கொடுப்பதை எதிர்க்கக் காரணமாக ஏற்கிறது. வெளியீடு என்று பெயர் வைத்தால் பாதி வெளியே நின்றுவிடும்.

'முன்னறிவு' வேண்டாம். வரப்போவதை அறிவது என்று படிப்பார்கள்.

ஆகவே என் பரிந்துரை: முன்நுட்பம். முன்நுட்பத் தேடல், முன்நுட்ப ஆவணம், 'இதற்கு முன்நுட்பம் ஏதும் கிடைக்கவில்லை' என்று எப்படி வளைத்தாலும் வளைகிறது. புணர்த்தினால் 'முன்னுட்பம்' என்று ஆகும், தெரியும். அப்படி எழுதினால் உள்ளே இருக்கும் நுட்பம் கண்ணுக்கும் தெரியாது, தேடுபொறிக்கும் தெரியாது. இலக்கண ஆசிரியர்கள் மன்னிக்கவும்.

கையேட்டில் சொல் எப்படி உட்கார்கிறது என்று பாருங்கள்:

"காப்புரிமை எண் கையில் இருந்தால் வேலை சுலபம். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் தேடுதளமான எஸ்பாஸ்நெட்டிலோ கூகுள் பேட்டன்ட்ஸிலோ இட்டால் பெரும்பாலும் ஆவணம் இலவசமாகவே கிடைக்கும். எண் இல்லாமல் முன்நுட்பம் தேடும்போது சொல்லை மட்டும் நம்பாதீர்கள். ஒருவர் மஞ்சள் என்பார், இன்னொருவர் குர்குமா என்பார். ஆவணங்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் வகுப்பெண்ணைப் பிடியுங்கள்: மூலிகை மருந்துகளுக்கு ஏ61கே 36, அதற்குள் மஞ்சளுக்கே தனியாக 36/9066. 1976க்கு முந்திய அமெரிக்க ஆவணங்கள் படமாக எடுக்கப்பட்டவை; அவற்றில் சொல்தேடல் அடிக்கடி தவறும். விண்ணப்பங்கள் பொதுவாகப் பதினெட்டு மாதம் கழித்தே வெளிவரும் என்பதால் மிகப் புதியவை எதிலும் அகப்படாது. காப்புரிமைகளோடு நிறுத்தாமல் பழைய ஆய்விதழ் அடுக்குக்கும் போங்கள். முன்நுட்பம் அங்கேயும் இருக்கும்."

பிடித்திருக்கிறதா?

மறுமொழி, யாழ்ப்பாணத்திலிருந்து:

வணக்கம். இரண்டு விசயம். இங்கே காப்புரிமை என்று எழுதினால் பலர் பதிப்புரிமை என்றே விளங்கிக்கொள்வார்கள். பேட்டன்டுக்கு நாங்கள் எழுதுவது ஆக்கவுரிமை. கையேடு இணையத்தில் போவதென்றால் ஓர் அடிக்குறிப்புப் போட்டுவிடுங்கோ. மற்றது, நுட்பம் என்றால் இயந்திரமும் கணினியும்தான் கண்ணுக்குள் வரும். அம்மம்மா காயத்துக்கு மஞ்சள் அரைத்துப் பூசினது நுட்பமோ, கைவைத்தியமோ?

மறுமொழி:

அடிக்குறிப்பு கட்டாயம் போடுகிறேன் ஐயா, அது எனக்குத் தோன்றவே இல்லை.

அம்மம்மா விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதே மஞ்சளைத் தங்கள் கண்டுபிடிப்பு என்று விண்ணப்பித்தவர்களுக்கு அது நுட்பமாக இருந்திருக்கிறது. அவர்கள் செய்தால் நுட்பம், அம்மம்மா செய்தால் கைவைத்தியம் என்று நாமே பிரித்துக் கொடுப்பானேன்? இந்தியாவில் 2001இல் தொடங்கிய மரபறிவு மின்னூலகம் (டி.கே.டி.எல்.) தமிழ்ச் சித்த மருத்துவ நூல்களின் செய்முறைகளையும் ஐந்து அயல்மொழிகளில் பெயர்த்து வைத்திருக்கிறது. காப்புரிமை ஆய்வாளர்கள் அதைத் திறப்பது முன்நுட்பம் தேடித்தான்.

வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் இதைவிடச் சின்னதாக ஒரு சொல் தோன்றினால் எழுதுங்கள், மாற்றிவிடலாம். 'முன்பக்குவம்' என்று தனிமடல் அனுப்பியவருக்கு: சிரித்தேன், ஆனால் வேண்டாம்.