முன்னோவியம்: ‘பிரிப்பரேட்டரி டிராயிங்’ என்பதற்கு ஒரு சொல்

அன்புள்ள ஐயா,

ஓவியம் தீட்டுவதற்கு முன் தயாரிப்பாகத் தாளில் வரைந்து பார்ப்பதே ‘பிரிப்பரேட்டரி டிராயிங்’. அதற்குத் தமிழில் புதுச் சொல் வேண்டுமா என்பது பற்றி நீங்கள் எழுதியது:

> ‘புனையா ஓவியம்’ போதுமே. நெடுநல்வாடையிலேயே இருக்கிறது.

அருமையான சொல்தான், ஆனால் அது வண்ணம் தீட்டாத கோட்டுருவத்தைக் குறிப்பது. பரோக் காலத் (ஐரோப்பாவில் பதினேழாம் நூற்றாண்டை ஒட்டிய கலைக்காலம்) தாள் வெறுங்கோடாக நிற்பதில்லை. ரோமின் சான் லூயிஜி தேவாலயத்தில் புனித செசிலியாவின் வாழ்க்கையை 1612–1615இல் சுவரில் தீட்டிய இத்தாலிய ஓவியர் டொமெனிக்கீனோவை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் வரைந்த தாள்கள் 1,700க்கும் மேல் பிரிட்டிஷ் அரச சேகரிப்பில் இருக்கின்றன. பெரும்பாலும் சாம்பல் நீலத் தாளில் கறுப்புச் சாக்கட்டியால் வரைந்தவை. தாளின் நிறமே நடுத்தொனி. நிழலுக்குக் கறுப்பு, தோளிலும் ஆடை மடிப்பின் முகட்டிலும் வெள்ளை. இதைப் புனையாதது என்று எப்படிச் சொல்வது?

எதற்காக வரைந்தது என்பதைச் சொல் காட்ட வேண்டும். முன்னுரை, முன்பணம் போல ‘முன்னோவியம்’ என்கிறேன்.

‘கார்ட்டூன்’ இன்னும் அவசரம். சுவரின் அளவுக்கே வரைந்த தாளைக் கேலிச்சித்திரம் என்று மொழிபெயர்த்தால் பொருளே கெட்டுவிடும். தாள்களை ஒட்டி முழு அளவில் வரைவார்கள். அன்றைக்குத் தீட்டக்கூடிய பரப்புக்கு மட்டும் ஈரச் சாந்து பூசி, அதற்குரிய துண்டை மேலே வைத்து, கோட்டின் வழியே குத்திய துளைகளில் கரித்தூள் பொதியைத் தட்டுவார்கள். அல்லது மழுங்கிய முனையால் அழுத்தி வடு பதிப்பார்கள். சாந்து இறுகிவிட்டால் வடு விழாது. தாள் நகர்ந்தால் கோடு இரட்டிக்கும். ஒற்றி எடுப்பதுதான் இதன் வேலை என்பதால் ‘ஒற்றோவியம்’. தூள் தட்டுவதற்குப் ‘பொடிவைத்தல்’ வேண்டாம், பொடிவைத்துப் பேசுவதுதான் நினைவுக்கு வரும். ‘பொடியொற்று’ சரியாக இருக்கும். ஆரி வேலைக்காரர்கள் துணியில் டிசைன் இறக்குவதும் இப்படித் துளைத்தாள் வைத்துத்தான்.

*

(மறுமொழி)

ஐயா, நீங்கள் சொன்ன மூன்று சொற்களும் எனக்குச் சம்மதம். முன்னோவியத்தை மட்டும் இரண்டாகப் பிரிக்க வேண்டும். முழுக்காட்சியையும் அடுக்கிப் பார்ப்பது ‘அமைப்பு முன்னோவியம்’. ஒரு பெண்ணை மட்டும் எடுத்து, கை சரியாக வராவிட்டால் ஓரத்தில் கையை மட்டும் மறுபடி வரைந்து பார்ப்பது ‘உருவ முன்னோவியம்’. பெரிதாக்குவதற்கான சதுரக் கட்டம் இரண்டிலும் வரலாம், அதை வைத்துப் பிரிக்க முடியாது.

இத்தகைய தாள்களுக்கு விவரக்குறிப்பு எழுதுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெள்ளையைச் சாக்கட்டியால் தீட்டியிருந்தால் வெள்ளையாகவே இருக்கும். ஈய வெள்ளையைத் தூரிகையால் வைத்திருந்தால் காற்றிலுள்ள கந்தகம் பட்டுக் கறுத்துப்போகும். மூக்கின் மேட்டில் கரும்புள்ளி தெரிந்தால் அதை நிழல் என்று எழுதிவிடக் கூடாது. நீலத் தாளும் வெளிச்சத்தில் பழுப்பாகும். மடிப்புக்குள் மறைந்த ஓரத்தைப் பார்த்துத்தான் நிறம் எழுத வேண்டும்.

குறிப்பு இப்படி அமையலாம்: ‘செசிலியா, உருவ முன்னோவியம். நீலத் தாளில் கறுப்புச் சாக்கட்டி, வெள்ளை ஒளியேற்றம், கட்டமிட்டது.’