மறு: ‘டேப் அவுட்’ – தமிழில் என்ன?

வணக்கம்.

அடியும் பிடியும் கலந்த எம்எம்ஏ சண்டையில், பிடியில் சிக்கியவர் ‘போதும், விடு’ என்று எதிராளியையோ தரையையோ தட்டிக் காட்டுவதுதான் ‘டேப் அவுட்’. அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் ஈப்போ அன்பர் நேற்று எழுதியது:

> ‘சப்மிஷன்’ என்றால் சரணடைதல். ‘டேப் அவுட்’ என்றால் தட்டிச் சரணடைதல். முடிந்தது. இதற்கு எதற்கு இருபது மடல்?

இழையைத் தொடங்கியவன் நான் என்பதால் பதிலும் நானே சொல்லிவிடுகிறேன்.

2017 மே மாதம். விளையாட்டுப் பக்கத்துக்கு இரவு வேலை. சிங்கப்பூரில் ‘ஒன் சாம்பியன்ஷிப்’ என்ற எம்எம்ஏ அமைப்பின் பட்டத்துக்காக நம்ம கோலாலம்பூர்ச் செந்தூல் பையன் அகிலன் தானி, அமெரிக்க வீரர் பென் அஸ்க்ரனோடு மோதி முதல் சுற்றிலேயே தோற்றார். 21 வயது, அதுவரை தோல்வியே பார்க்காதவர். வந்த ஆங்கிலச் செய்தியில் ‘ஆர்ம் டிரையாங்கிள் சோக்’ (கையை வளைத்துக் கழுத்தை இறுக்கும் ஒரு பிடி) என்று இருந்தது. பக்கத்தை முடிக்கப் பத்து நிமிடம்தான் பாக்கி. ‘கழுத்தை நெரித்து வீழ்த்தினார்’ என்று போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் பசியாறப் போன கடையில் ஒரு பெரியவர் ரொட்டி சானாயைப் பிய்த்தபடியே கேட்டார்: “ஏன் தம்பி, அந்தப் பையன் உசுரோட இருக்கானா?”

எம்எம்ஏ பழகும் அக்கா மகனுக்கோ கோபம். “மாமா, நெரிச்சா மூச்சுக்குழல்தான் நசுங்கும். இது அது இல்ல” என்று ஹாலில் கம்பளத்தை விரித்து என்னைப் படுக்க வைத்தான். என் வலக்கையை என் முகத்துக்குக் குறுக்கே தள்ளி, தலையையும் கையையும் சேர்த்துத் தன் கைகளுக்குள் வளைத்தான். கழுத்தின் ஒரு பக்கம் அவன் கை, மறுபக்கம் என்னுடைய தோளே. மூச்சு தாராளமாக வந்தது. ஆனால் காதுக்குள் கடல் இரைச்சல், பார்வையின் ஓரமெல்லாம் மங்கல். மூளைக்குப் போகும் ரத்தம் இரண்டு பக்கமும் அடைபடுகிறது. இன்னும் சில வினாடி விட்டால் மயக்கம்தான். இடக்கையால் அவன் முதுகை இரண்டு முறை தட்டினேன். விட்டுவிட்டான். எழுந்து தேத்தண்ணி குடித்தோம்.

அதுவரை நான் குத்துச்சண்டைக்காரன். அதாவது சோபாவில் உட்கார்ந்து பார்க்கும் குத்துச்சண்டைக்காரன். தரையில் கட்டிப் புரள்வதெல்லாம் எனக்குச் சண்டையாகவே தெரியாது. பையன் விடவில்லை. 1993 நவம்பரில் டென்வரில் நடந்த முதல் யூஎஃப்சி (அமெரிக்காவின் எம்எம்ஏ போட்டி) பதிவைப் போட்டுக் காட்டினான். ஆர்ட் ஜிம்மர்சன் என்ற குத்துச்சண்டை வீரர் ஒரு கையில் மட்டும் கையுறை மாட்டிக்கொண்டு வருகிறார். எதிரே, அன்று இரவு மூன்று பேரை வென்று பட்டம் வாங்கப்போகும் ஒல்லியான பிரேசில் வீரர் ராய்ஸ் கிரேசி. கீழே தள்ளி மார்பில் ஏறி உட்கார்ந்தார், அவ்வளவுதான். மூட்டைத் திருகவும் இல்லை, கழுத்தை இறுக்கவும் இல்லை. ஜிம்மர்சன் தட்டிவிட்டார். எனக்கு என் சாதிசனமே தோற்றது போல அவமானம்.

அப்புறம் சனிக்கிழமை தோறும் பையனைப் பயிற்சிக் கூடத்துக்குக் காரில் கொண்டுபோய் விடுகிற வேலை என் தலையில் விழுந்தது. முதல் மாதம் காரிலேயே பேப்பர் படித்தேன். அடுத்த மாதம் கதவோரம் நின்றேன். மூன்றாம் மாதம் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயோர பெஞ்சில். அங்கே மணிக்கு நாற்பது தடவையாவது அந்தச் சத்தம் கேட்கும்: டப் டப். கேட்டதும் பிடி தளரும். இருவரும் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்குவார்கள். தட்டினவன் முகத்தில் தோற்ற களையே இருக்காது. சரணடைந்தவன் அடுத்த நிமிடமே போருக்கு வருவானா? ‘சரண்’ எனக்கு ஒட்டாதது இதனால்தான். ‘பணிதல்’, ‘அடங்கல்’ இரண்டும் அதே வழிதான்.

பினாங்கு ஐயா புறநானூறு 80ஐ எடுத்துக் கொடுத்தார், அதற்குத் தனி நன்றி. ஆமூர் மல்லனோடு சோழன் கோப்பெருநற்கிள்ளி பொருத காட்சி. கிள்ளியின் ஒரு கால் மல்லன் மார்பின்மேல் மடிந்து அழுத்த, மறுகால் அவன் உத்தியைத் தடுத்து முதுகுப் பக்கம் வளைகிறது. பாயோரம் உட்கார்ந்து பார்க்காமல் புலவர் சாத்தந்தையார் இதை எழுதியிருக்க முடியாது! ஆனால் அந்த மல்லன் தட்டவில்லை. அங்கே அவன் வலிமையை ‘முருக்கி’, அதாவது அழித்து, என்றே பாட்டு சொல்கிறது. வெல்வதற்கும் கொல்வதற்கும் பழைய சொல் நிறைய கிடைக்கும். “போதும், விடு” என்பதற்கு நாம்தான் செய்தாக வேண்டும்.

‘தட்டு’ என்ற வேரைப் பலரும் சொன்னீர்கள். இரண்டு சிக்கல். ‘கைதட்டு’ என்றால் பாராட்டு. ‘தட்டிக்கேட்டல்’ என்றால் நியாயம் கேட்பது. அதைவிட முக்கியம், இரண்டு கையும் மாட்டிக்கொண்டால் காலால் தட்டலாம், வாயால் சொல்லலாம், வலியில் அலறினாலும் நடுவர் நிறுத்திவிடுவார். தட்டாமலே தட்டியதாகக் கணக்கு.

என் முன்மொழிவு: விடுகோள். வேண்டுகோள் போல, ‘விடு’ என்று கோருவது. ‘முதல் சுற்றில் கழுத்திறுக்கில் விடுகோள் தந்தார்.’ ‘விடுகோள் வெற்றி.’ மூட்டைத் திருகுவதற்குச் சிலம்ப ஆசான்கள் சொல்லும் ‘பூட்டு’ இருக்கவே இருக்கிறது: கைப்பூட்டு, கால்பூட்டு. சோக்குக்குக் கழுத்திறுக்கு. நெரிப்பு வேண்டவே வேண்டாம், அந்தப் பெரியவருக்காகவாவது.

(எம்எம்ஏவுக்குக் ‘கலப்புத் தற்காப்புக் கலை’ சரியா என்ற சண்டையை இங்கே இழுக்க வேண்டாம். கலப்பு என்றதும் எனக்குக் கலப்பட எண்ணெய் ஞாபகம் வருகிறது. தனி இழையில் பார்ப்போம்.)

செந்தூலிலிருந்து

---

பினாங்கிலிருந்து:

தம்பி, கழுத்திறுக்கு அருமை. ஆனால் ‘விடுகோள்’ என்று தலைப்பில் போட்டால் என் மாணவர்கள் விண்ணில் ஏவிய கோள் என்றுதான் நினைப்பார்கள். செயற்கைக்கோள் பழக்கம். ‘கோள் சொல்லாதே’ என்று அடிவாங்கி வளர்ந்தவர்களுக்கு இன்னொரு தொல்லை. பெயராக வைத்துக்கொள்ளுங்கள், வினைக்குத் ‘தட்டினார்’ போதும். அலறினவனுக்கு ‘விடக் கேட்டார்’.

---

செந்தூலிலிருந்து:

ஐயா, விண்கோள் எனக்குத் தோன்றவே இல்லை. வினைக்குத் ‘தட்டினார்’, சரி. பையனிடம் கேட்டேன். “கூடத்துல யாரும் சொல்ல மாட்டாங்க மாமா, ஆனா பேப்பர்ல நல்லாருக்கும்” என்றான். அடுத்த சண்டைச் செய்தியில் போட்டுப் பார்க்கிறேன். பசியாறும் கடையில் என்ன கேள்வி வருகிறது என்று எழுதுகிறேன்.